பன்னிரண்டு பொத்தான் மவுஸ் பற்றி அண்ணன் கொடுத்த அறிக்கை

என் அண்ணன் பத்தொன்பது வருடங்கள் படம் வெட்டினான். கத்தரிக்கோலால் அல்ல, கணினியில். எங்கோ ஒரு கடைக்காரர் தன் செருப்பையோ கைப்பையையோ மேசைமேல் வைத்துப் படமெடுத்து அனுப்புவார். மேசையும் அதன் நிழலும் பின்னாலிருக்கும் சுவரும் போய், வெள்ளைப் பரப்பில் செருப்பு மட்டும் நிற்கவேண்டும். அதற்கு யாராவது ஒருவர் அந்தச் செருப்பின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிக்கவேண்டும். ஒரு செருப்புக்கு ஐம்பது அறுபது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கிளிக். செருப்பு வாங்குகிறவர் அந்த ஓரத்தைக் கவனிப்பதே இல்லை. கவனித்தால் வெட்டியவன் சரியாக வெட்டவில்லை என்று அர்த்தம்.

அவன் பிரிவில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஆள் எதை வெட்டுகிறார்களோ அதுவே பட்டப்பெயர். நகைப் படங்கள் பார்க்கும் பெண்மணி ‘சங்கிலி’. கண்ணாடிப் பொருட்கள் பார்க்கும் ஆள் ‘பாட்டில்’. அண்ணனை மட்டும் ‘செருப்பு’ என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. நூல் பிடித்த மாதிரி வெட்டுகிறான் என்று ‘நூல்’ ஆக்கினார்கள். பத்தொன்பது வருடமும் அந்த மூவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் கணவர் போன பிறகு நானும் அவனும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். வீட்டில் அவன் பேசியதெல்லாம் அந்த மேசையைப் பற்றித்தான். சங்கிலியின் மாமியார் என்ன சொன்னாள், பாட்டில் எந்தக் கடையில் ஏமாந்தான், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்று நாற்பது படம். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் இடம் போய்விடும். ஐம்பது வயதில் அண்ணனின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்கினால் நிமிராமல் நின்றுகொள்ளத் தொடங்கியது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் இடது கையால் அதைப் பிடித்து இழுப்பான். டக்கென்று ஒரு சத்தம் வரும். அடுப்படியில் நிற்கும் எனக்கே கேட்கும். “பூட்டு திறந்தாச்சு” என்பான். மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு என்றார். ஆறு வாரம் ஓய்வெடுத்தால் அப்புறம் ஆயுசு முழுக்க ஓய்வுதான் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டான். அலுவலகத்தில் விரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, சங்கிலியிடம்கூட.

அந்தச் சமயத்தில்தான் மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தார். பன்னிரண்டு பொத்தான்கள் வைத்த புது மாதிரி மவுஸ். எல்லாம் கட்டைவிரல் படும் பக்கத்தில், நாலு வரிசையாக, வரிசைக்கு மூன்று. விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது. பெட்டிமேல் நெருப்புக் கக்கும் மிருகத்தின் படம் போட்டிருந்தது.

“ஒரு வாரம் வச்சுப் பாருங்க. எப்படி இருக்குன்னு எழுதிக் குடுங்க. நல்லாருந்தா எல்லாருக்கும் வாங்கலாம்னு மேல பேச்சு. நீங்கதான் மூத்தவர், நீங்க சொன்னா எடுபடும்.”

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் இரண்டு முறை சொன்னான். பத்தொன்பது வருடத்தில் அவனிடம் யாரும் எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

முதல் நாள் அவன் சொன்னது: “எலின்னு பேரு, பார்த்தா ஆமை. என் கைக்கு ரெண்டு சைஸ் பெருசு. அடியில கலர் கலரா லைட் வேற. நான் செருப்பு வெட்டறேனா, சீரியல் பல்பு மாட்டறேனான்னு பாட்டில் வந்து கேட்டுட்டுப் போறான்.” விளக்கை அணைப்பது எப்படி என்று கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டதாம். எட்டாவது பொத்தானை அழுத்துவதாக நினைத்து ஏழாவதை அழுத்தி, சேமிக்காத படத்தை மூன்று முறை மூடிவிட்டான். அன்று எண்ணிக்கை தொண்ணூறு.

இரண்டாம் நாள், நடு வரிசைப் பொத்தான் ஒன்றின்மேல் ஒரு சின்ன மேடு இருப்பதைக் கட்டைவிரல் கண்டுபிடித்தது. அதை வைத்து மற்றதை எண்ணிக்கொள்ளலாம். “பஸ்ல கண்ணை மூடிட்டு நம்ம நிறுத்தத்துல இறங்கற மாதிரி” என்றான். மூன்றாம் நாள்தான் பெரிய விஷயம். படத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, தப்பான புள்ளியை எடுப்பது, கோட்டை மூடுவது, சேமிப்பது, அடுத்த படத்துக்குப் போவது என்று எல்லாவற்றையும் கட்டைவிரலுக்கு மாற்றினான். அதோடு கிளிக்கையே மேட்டுப் பொத்தானுக்குக் கொடுத்துவிட்டான். ஆள்காட்டி விரல் சும்மா மேலே உட்கார்ந்திருந்தால் போதும்.

“இங்க பாரு.” சாப்பிடும்போது விரலை மடக்கி நிமிர்த்திக் காட்டினான். சத்தமில்லாமல் நிமிர்ந்தது. “ஒரே நாளுதான் ஆச்சு. ஒரே நாள்!”

அவன் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நான் யோசித்தேன். ஐந்தாம் நாள் எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூறு.

சனிக்கிழமை கோடு போட்ட தாளில் இருபுறமும் எழுதி என்னிடம் நீட்டினான். “தப்பு இருந்தா பாத்துக் குடும்மா. நீ படிச்சவ.”

இதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் மொழி படித்தவள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது என்பதைக் கோபம் வராதபடி சொல்லவேண்டும். அதற்கு எந்த வாக்கியத்தை வெட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடப் பழக்கம். அண்ணன் செருப்பை வெட்டினான், நான் வாக்கியத்தை வெட்டினேன்.

அவன் எழுதியதன் கடைசிப் பகுதி இப்படி இருந்தது: “நாலாம் நாள் சாயங்காலம் கட்டைவிரல் அடியில் வலி. தண்ணீர் பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. இந்த எண்ணிக்கை செருப்புக்கு மட்டும்தான். முடி, சரிகை, சங்கிலியும் வெட்டிப் பார்த்தேன், அதில் ஒரு படம்கூட அதிகம் வரவில்லை. பத்தொன்பது வருடம் ஒரே வேலை செய்தவன் எண்ணிக்கையை நேற்று வந்தவர்களுக்கு வைக்கக்கூடாது. ஐந்து நாள் பார்த்தவன் சொல்வதை நம்பி எதுவும் முடிவு செய்யவேண்டாம். ஒரு மாதம் போகட்டும்.”

நான் படித்துவிட்டு, “இது வேண்டாம்ணா” என்றேன்.

“ஏன்?”

“வலிக்குதுன்னு எழுதினா குறை சொல்ற ஆளுன்னு நினைப்பாங்க. விரல் விஷயம் வேற தோண்டிக் கேப்பாங்க. பத்தொன்பது வருஷம்னு எழுதறது பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கு. அஞ்சு நாள் பார்த்தவனை நம்பாதீங்கன்னு நீயே எழுதினா, அப்புறம் எதுக்கு உன்கிட்ட கேட்டாங்க?”

“அந்தச் செருப்புக்கு மட்டும்ங்கறது?”

“அதை மேலயே வேற மாதிரி சேத்துடறேன்.”

சேர்க்கவில்லை. கெட்ட எண்ணத்தில் விடவில்லை, அந்த வாக்கியம் எங்கே வைத்தாலும் ஓட்டத்தைக் கெடுத்தது. மறந்தேன் என்று சொன்னால் பொய். அழகுக்காக விட்டேன். ‘சிறிது பழக்கத்துக்குப் பின் இது கையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது’ என்று ஒரு வரி நானாகச் சேர்த்தேன். ‘நாளொன்றுக்கு நூற்று நாற்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு’ என்பதில் முடித்தேன். அச்செடுத்த தாளை அவன் நின்றுகொண்டே படித்தான்.

“நான் பேசற மாதிரியே இல்ல” என்றான். பிறகு, “ஆனா நல்லாருக்கு” என்றான். மறுபடி படித்தான். கையெழுத்துப் போடுவதற்கு என் நல்ல பேனாவைக் கேட்டு வாங்கினான்.

அடுத்த மாதம் முதல் தேதி சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். இனி எல்லோருக்கும் நாளொன்றுக்கு நூற்று எண்பது படம். கீழே, ‘நம் மூத்த ஊழியர் ஒருவரின் அனுபவம்’ என்று போட்டு அறிக்கையை முழுதாக அச்சடித்திருந்தார்கள், அண்ணனின் கையெழுத்தோடு. புது மவுஸ் ஆறுதான் வந்தது. மீதிப் பேருக்கு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வரவேயில்லை. நகைப் பிரிவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

முதலில் கேலியாகத்தான் இருந்தது.

“என்ன நூலு, அடுத்த அறிக்கை எப்போ?” பாட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டானாம். “மூச்சு விடறதுக்கும் ஒரு பட்டன் வந்திருக்காம். அதையும் பார்த்துச் சொல்லிடு, மூக்கையும் பிடுங்கிட்டுப் போகட்டும்.”

ஒரு வாரத்தில் கேலியும் நின்றது. சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. மூன்றாவது சுவர் ஓரம் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் அதிலேயே உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. டப்பாவில் மீதி வர ஆரம்பித்தது, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் பேச்சு குறைந்தது. அவனிடம் இருந்த பேச்செல்லாம் அந்த மேசையிலிருந்து வந்ததுதானே.

ஒரு நாள் சங்கிலி அவன் இடத்துக்கே வந்தாளாம். ஒரு மெல்லிய சங்கிலிப் படத்தைத் திரையில் திறந்து வைத்து, “இதுல எத்தனை ஓட்டை இருக்கு, எண்ணுங்கண்ணே” என்றாளாம். சங்கிலியில் ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியாக வெட்டவேண்டும். இவன் எண்ணுவதற்குள் அவளே சொன்னாளாம்: “முந்நூத்திப் பத்து. உங்க கட்டைவிரல் இதை எத்தனை நிமிஷத்துல வெட்டும்? அதையும் எழுதியிருக்கலாமே.” அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்றான் அண்ணன்.

“என் தங்கச்சி வெட்டிட்டான்னு போய்ச் சொல்லு” என்றேன். “நான் வேணா வந்து சொல்றேன்.”

“அம்பது வயசு ஆளு, தங்கச்சிகிட்ட எழுதி வாங்கினேன்னு சொல்றதா? வேற வேலை இல்ல.” பிறகு, “கையெழுத்து என்னோடது” என்றான்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் கோடு போட்ட தாள் எடுத்தான். இந்த முறை என்னிடம் காட்டவில்லை. விட்டுப்போனதையெல்லாம் தன் கையாலேயே எழுதினான். செருப்புக்கு மட்டும், சங்கிலிக்குக் கிடையாது, கட்டைவிரல் இப்போது மணிக்கட்டு வரை வலிக்கிறது, தயவுசெய்து பழைய எண்ணிக்கைக்கே போங்கள் என்று. மேற்பார்வையாளர் அதை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தார்.

“இதை யாரு எழுதிக் குடுத்தது?”

“நான்தான் சார்.”

“முதல்ல குடுத்தது எவ்வளவு தெளிவா இருந்துச்சு! இது உங்க எழுத்து மாதிரியே இல்லையே.” அவர் தாளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தாராம். “அது உங்க மனசுல இருந்து வந்தது. இது யாரோ பக்கத்துல உக்காந்து எழுத வச்சது. உங்களை மிரட்டறாங்களா? சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்.”

இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தான். உண்மையாகவே சிரிப்பு வந்தது அவனுக்கு. பிறகு அந்தத் தாளை எட்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். நான் அந்தத் துண்டுகளை எடுத்து வைத்திருக்கவேண்டும். அன்று அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எடுக்கவில்லை. மறுநாள் காலை குப்பை வண்டி வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், பேருந்துக்காக நின்றவன் நின்ற இடத்திலேயே விழுந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மவுஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்திலிருந்து எல்லோரும் ஒரே வண்டியில் வந்து, பத்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். அதில் யார் சங்கிலி, யார் பாட்டில் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பொருட்களை எடுத்துப்போகச் சொல்லி ஒரு மாதத்துக்குப் பின் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நான் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் போனேன். அவன் வாயால் சொல்லாததை நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். செத்த பிறகாவது அந்த மேசையில் அவனுக்கு இடம் கிடைக்கட்டும்.

சாப்பாட்டு அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஜன்னல் இல்லை. நான் யாரென்று சொன்னதும் ஒல்லியான ஒரு பெண்மணி எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். இரண்டு மணிக்கட்டிலும் துணிப்பட்டை சுற்றியிருந்தாள். அவள்தான் சங்கிலி. எதிரே தொப்பை வைத்த ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர்தான் பாட்டில்.

“உக்காருங்கம்மா. சாப்பிட்டீங்களா?”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. “அந்த அறிக்கையை அண்ணன் அப்படி எழுதல” என்றேன். “செருப்புக்கு மட்டும்தான்னு எழுதியிருந்தான். உங்க சங்கிலி வேலையைத் தனியாச் சொல்லியிருந்தான். மத்தவங்களுக்கு இந்த எண்ணிக்கையை வைக்காதீங்கன்னு எழுதியிருந்தான். நான்தான் வெட்டினேன். அப்புறம் அவனே மறுபடி ஒண்ணு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தான், உங்களுக்காக. ஆபீஸ்ல ஏத்துக்கல.”

“அந்த ரெண்டாவது உங்ககிட்ட இருக்கா?” என்றார் பாட்டில்.

“இல்ல. கிழிச்சுட்டான்.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். நம்பினாரா, இல்லையா என்று தெரியவில்லை. சங்கிலி வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அந்த எழுத்து அவரோடது இல்லையா?”

“விஷயமெல்லாம் அவனோடது. வாக்கியம் மட்டும் நான்...”

“‘கையின் ஒரு பகுதியாகவே’ன்னு வருமே. அதுவுமா?”

“அதுவும் நான்தான்.”

அறையில் மற்றவர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டில் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

“திட்டுவோம்மா. நல்லாத் திட்டியிருக்கோம். ஆனா மனுஷன் எழுதியிருக்கான்யான்னும் சொல்லுவோம். இத்தனை வருஷம் செருப்பு வெட்டிட்டு இருந்தவன் கைக்குள்ள இப்படி ஒரு எழுத்து இருந்திருக்கேன்னு. எம் பொண்ணு காலேஜ் விண்ணப்பத்துக்கு நான் போய் அவன்கிட்டதான் கேட்டேன். அத்தனை நாள் பேசாம இருந்துட்டு, அதுக்காகப் போய்ப் பேசினேன். மறுநாளே எழுதிட்டு வந்து குடுத்தான். அப்புறம்தான் நாற்காலியை இங்க இழுத்துப் போட்டோம்.”

“எங்க வீட்டு வாடகை விஷயமாவும் எழுதிக் குடுத்தார்” என்றாள் சங்கிலி. “கடைசி ரெண்டு மாசம் ஆளாளுக்கு வரிசை கட்டி நின்னோம். எல்லாம் இங்க உக்காந்து சொல்லுவோம், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்குவார்.”

கடைசி இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் ஏழெட்டுக் கடிதங்கள் எழுதி வாங்கினான். “ஆபீஸ்ல ஒருத்தருக்கு, பாவம்” என்பான். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. டப்பாவில் மீதி வராமல் போனதையும் கவனிக்கவில்லை. அவனுடைய நாற்காலியை அவன் தானாகவே திரும்ப வாங்கிவிட்டிருந்தான், என் வாக்கியங்களைக் கொடுத்து. அது எனக்குத் தெரியாது.

“அந்தக் கடிதமெல்லாம்?” என்று கேட்டாள் சங்கிலி.

அதெல்லாம் அவன்தான் எழுதினான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாக்கியம் வாக்கியமாக வெட்டிப் பிழைத்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

மணி அடித்தது. டப்பாக்களை மூடினார்கள். சங்கிலி அவனுடைய பொருட்கள் இருந்த பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். “நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் நடைபாதையில் பாதி தூரம் போயிருப்பேன். பின்னால், வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்டது.

“நம்ம நூலுக்கு எழுதவே தெரியாதாம்ப்பா. எல்லாம் தங்கச்சி எழுதிக் குடுத்ததாம்.”

இன்னொருவர் சிரித்தார். பிறகு இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.